காசென்தீனோவில் ஒரு நாள்: ரோமேனாவா, லா வெர்னாவா, கமால்தொலியா?

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில், பிளாரன்ஸுக்குக் கிழக்கே, அரெத்சோவுக்கு வடக்கே இருக்கும் மலைப்பள்ளத்தாக்கின் பெயர் காசென்தீனோ. ஆர்னோ ஆறு பிறப்பது இங்கேதான். ஃபால்தெரோனா மலையின் தென்சரிவில் 1,358 மீட்டர் உயரத்தில் ஊற்றெடுத்துத் தெற்கே இறங்கி, அரெத்சோவுக்கு அருகே வந்து திரும்பி, பிராத்தோமாஞ்ஞோ மலையைச் சுற்றிக்கொண்டு பிளாரன்ஸுக்குப் போகிறது. அந்த முதல் இறக்கத்தின் இரு கரைகளிலும், மேலே காட்டுக்குள்ளும், இடைக்காலக் கோயில்களும் மடங்களும் பத்துக்கு மேல் நிற்கின்றன. ஒரு நாளில் மூன்றைத்தான் ஒழுங்காகப் பார்க்க முடியும். எந்த மூன்று என்பதுதான் கேள்வி.

எங்கள் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 12ஆம் நூற்றாண்டுக் கல்லையும் சிற்பத்தையும் பார்க்க வருகிறவர் ரோமேனாவுக்குப் போக வேண்டும். புனித பிரான்சிஸ் அசிசியார் மீதுள்ள பக்தியால் வருகிறவருக்கு லா வெர்னா. அதற்கு மாற்று கிடையாது. காட்டையும் மௌனத்தையும் நாடுகிறவருக்குக் கமால்தொலி, ஆனால் ஓர் இரவு தங்க முடிந்தால் மட்டும். அரெத்சோ வரை வந்துவிட்டு அரை நாள் மட்டுமே கையில் இருக்கிறவர் சொக்கானாவில் இறங்கினால் போதும். மூன்று பெரிய இடங்களையும் ஒரே நாளில் காரில் சுற்றிவிடலாம் என்று திட்டமிடுவதுதான் இங்கு நடக்கும் பொதுவான தவறு. வரைபடத்தில் எல்லாம் பக்கம் பக்கமாகத் தெரியும். நடுவில் இருப்பது மலை.

முதலில் ஒரு சொல்லைத் தெரிந்துகொள்வது நல்லது: பியேவே. ‘மக்கள்’ என்று பொருள்படும் பிளெப்ஸ் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம் கத்தோலிக்கர் வழக்கில் சொன்னால் தாய்ப் பங்கு. இடைக்கால நாட்டுப்புற இத்தாலியில் திருமுழுக்குத் தொட்டி எல்லாக் கோயிலிலும் இருக்காது; பியேவேயில்தான் இருக்கும். சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் உள்ளவை கிளைக்கோயில்கள். பிள்ளைக்குத் திருமுழுக்குக் கொடுக்கவும், தசமபாகம் செலுத்தவும், ஊரார் பியேவேக்கு நடந்து வந்தார்கள். அதனால்தான் இந்தக் கோயில்கள் பெரும்பாலும் ஊருக்கு நடுவில் இல்லாமல், பல ஊர்களிலிருந்தும் வந்து சேரும் பாதையோரத்தில் வயல்வெளியில் தனியாக நிற்கின்றன. ரோமேனாவில் முதலில் கண்ணில் படுவதே இந்தத் தனிமைதான்.

லா வெர்னாவும் கமால்தொலியும் பியேவே அல்ல. ஒன்று பிரான்சிஸ்கன் திருத்தலம், மற்றது துறவிகளின் மடமும் தனிக்குடில்களும். இரண்டிலும் இன்றுவரை துறவிகள் வாழ்கிறார்கள். இடைவிடாமல் ஆள் வாழும் கட்டடத்தில் பழுது பார்ப்பார்கள், இடித்துக் கட்டுவார்கள், காலத்துக்கேற்ப அலங்கரிப்பார்கள். ஆகவே புகழ் பெற்ற இந்த இரு இடங்களிலும் கண்ணுக்குத் தெரிவதில் பெரும்பகுதி 15 முதல் 18ஆம் நூற்றாண்டு வரையிலான வேலை. 12ஆம் நூற்றாண்டு அப்படியே நிற்பது அதிகம் பேசப்படாத பியேவேக்களில். ‘இடைக்காலம் பார்க்க வேண்டும்’ என்று வந்து கமால்தொலியின் பொன் பூசிய பரோக் (17, 18ஆம் நூற்றாண்டின் ஆடம்பர அலங்காரப் பாணி) பீடத்தின் முன் நின்று ஏமாறுகிறவர்கள் உண்டு. குறை அந்த இடத்தில் இல்லை. தேர்வில்தான்.

ரோமேனா

பிராத்தோவெக்கியோ ஊருக்கு மேலே, சரிவில், புனித பேதுருவின் பெயரில் நிற்கிறது இந்தப் பியேவே. உள்ளே தூண் தலைப்பு ஒன்றில் லத்தீனில் வெட்டியிருக்கிறார்கள்: ‘பஞ்ச காலத்தில், 1152’. இன்னொரு கல்வெட்டு, பங்குத்தந்தை அல்பெரிக்குஸ் இந்த வேலையைச் செய்வித்தார் என்கிறது. நாட்டுப்புறக் கோயில் ஒன்றில் ஆண்டு, நிலைமை, செய்வித்தவர் பெயர் மூன்றும் கல்லிலேயே கிடைப்பது பெரிய பேறு. இந்தப் பள்ளத்தாக்கின் மற்றக் கோயில்களின் காலத்தைக் கணிக்கும்போது அறிஞர்கள் பிடித்துக்கொள்ளும் கொம்பு இந்த 1152தான்.

பார்க்கும் வரிசை முக்கியம். வாசலுக்கு நேராகப் போகாதீர்கள். முதலில் வெளியே சுற்றிக்கொண்டு கிழக்குப் பக்கம் போய், பீடத்தின் பின்சுவரான அரைவட்டத்தைப் பாருங்கள். இரண்டு அடுக்காகக் குருட்டு வளைவுகள் (திறப்பில்லாமல் சுவரோடு ஒட்டியவை), நடுவே குறுகிய சாளரங்கள், எல்லாம் மணற்கல். டஸ்கனியின் நாட்டுப்புற ரோமனெஸ்க் (தடித்த சுவரும் அரைவட்ட வளைவும் கொண்ட 11, 12ஆம் நூற்றாண்டுப் பாணி) கட்டடக்கலையில் இதற்கு இணையான பின்சுவர்கள் சிலவே. காலை வெயில் நேராக இதன்மேல் விழும். வளைவுகளின் நிழல் ஆழமாக விழுந்து வேலைப்பாடு துலங்கும். பிற்பகலில் வந்தால் இந்தச் சுவர் முழுவதும் நிழலில் இருக்கும், படம் தட்டையாக வரும். ரோமேனாவைக் காலையில் வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு இது முதல் காரணம்.

பிறகு முகப்புக்கு வாருங்கள். அது வெறுமையாக இருக்கும். பின்சுவரில் இவ்வளவு செய்தவர்கள் முகப்பில் ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று தோன்றும். செய்திருப்பார்கள். 1678இல் ஏற்பட்ட நிலச்சரிவில் முகப்பும் அதை ஒட்டிய இரண்டு கண்ணறைகளும் (தூணுக்குத் தூண் உள்ள பகுதிகள்) போய்விட்டன. மிஞ்சியதை மூடி எழுப்பிய சுவர்தான் இப்போதுள்ள முகப்பு. உள்ளே போனதும் அகலத்துக்கு ஏற்ற நீளம் இல்லையே என்று ஓர் உணர்வு வரும். அதற்கும் இதுவே காரணம். மனத்தால் இரண்டு கண்ணறைகளை முன்னால் நீட்டிப் பார்த்தால் கட்டடத்தின் உண்மையான விகிதம் பிடிபடும்.

உள்ளே மூன்று நடைகள். நடுநடையையும் பக்க நடைகளையும் பிரிப்பவை ஒரே கல்லில் செதுக்கிய மணற்கல் தூண்கள். மேலே மரக்கூரை. பீடப்பகுதி படியேறிப் போகும் உயரத்தில் இருக்கிறது. தூண் தலைப்புகளை ஒவ்வொன்றாகச் சுற்றிவந்து பாருங்கள்: இலை வேலை, மனித உருவங்கள், கிறிஸ்து பேதுருவிடம் திறவுகோல் கொடுக்கும் காட்சி. உருவங்களின் தலை பெரிது, உடல் குறுகல், கண்கள் துருத்தல். அளவு தெரியாமல் செய்த வேலை என்று எண்ணிவிட வேண்டாம். கீழே நிற்பவர் அண்ணாந்து மங்கிய ஒளியில் பார்ப்பார் என்பதைக் கணக்கிட்டே முகத்துக்கு அவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார் சிற்பி என்பது எங்கள் எண்ணம். சிறிய பைனாகுலர் ஒன்று இருந்தால் எழுத்துகளையும் விரல்களையும் தனித்தனியாகப் பார்க்கலாம். டார்ச் அடிப்பதாக இருந்தால் நேராக அடிக்காமல் பக்கவாட்டிலிருந்து சாய்வாக அடியுங்கள். உளி போன தடம் எழுந்து தெரியும். யாராவது செபித்துக்கொண்டிருந்தால் டார்ச் வேண்டாம்.

தரைக்கு அடியில் இதைவிடப் பழைய கோயிலொன்றின் அடித்தளத்தை அகழ்ந்து கண்டிருக்கிறார்கள். 1152இல் புதிதாகத் தோன்றிய இடமல்ல இது.

இங்கே 1991 முதல் ஒரு கிறிஸ்தவச் சகோதரக் குழுமம் இயங்குகிறது. அதனால் கோயில் பூட்டியே கிடக்கும் கவலை இங்கு குறைவு. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் அதிகம். தூண் தலைப்புகளை நிதானமாகப் பார்க்க வார நாள் காலையே ஏற்றது. ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

வழியில் நிகழும் பிழை ஒன்று. செல்பேசி வரைபடத்தில் ‘ரோமேனா’ என்று மட்டும் தட்டினால் கோட்டைக்கு இட்டுச் சென்றுவிடும். குயிதி பிரபுக்களின் ரோமேனாக் கோட்டை வேறு, பியேவே வேறு. ‘பியேவே தி ரோமேனா’ என்று முழுப்பெயரையும் போட வேண்டும்.

ஸ்தியா, ரோமேனாவுக்குத் துணையாக

ரோமேனாவுக்குப் பிறகு ஸ்தியாவின் விண்ணேற்பு அன்னை கோயிலுக்குப் போவது இயல்பான அடுத்த அடி. 12ஆம் நூற்றாண்டின் அதே வகைத் தூண்களும் தலைப்புகளும் இங்கும் உண்டு. ஆனால் இது ஊருக்கு நடுவே, சரிந்து இறங்கும் நீண்ட சந்தைச் சதுக்கத்தின் ஓரத்தில் இருக்கிறது. முகப்பு பிற்காலத்தது, வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே ரோமனெஸ்க் இருப்பதாகவே தெரியாது. பலர் கடந்து போய்விடுகிறார்கள். ரோமேனா தராத ஒன்றை இது தருகிறது: ஓவியம். பிச்சி தி லொரென்சோ 1414இல் வரைந்த மங்களவார்த்தை ஓவியம் இங்கே இருக்கிறது. நாற்பது நிமிடம் போதும். பள்ளத்தாக்கு ரயிலின் கடைசி நிலையம் இந்த ஊர் என்பதால் திரும்பிப் போகவும் வசதி.

இதே குடும்பத்தில் ஸ்திராதா ஊரின் சான் மார்த்தீனோ ஆ வாதோ, மலைமேல் மோந்தெமிஞ்ஞாயோவின் பியேவே ஆகியவையும் உண்டு. முதல் வருகையில் இவற்றைச் சேர்க்க வேண்டாம். ரோமேனாவைப் பார்த்துப் பழகிய கண்ணோடு இரண்டாம் முறை வரும்போது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அருமையானவை.

சொக்கானா

ரஸ்ஸீனா ரயில் நிலையத்திலிருந்து ஆற்றைக் கடந்து நடந்தே போய்விடலாம். புனித அந்தோனீனுஸ் பெயரிலான இந்தப் பியேவே, கட்டட அழகில் ரோமேனாவுக்குப் பக்கத்தில் நிற்காது. அப்படி எதிர்பார்த்து வரவும் கூடாது. கோயிலின் பின்னால் போங்கள். அரைவட்டச் சுவருக்கு நேர்பின்னே, திறந்த வெளியில், பெரிய மணற்கற்களால் ஆன எத்ருஸ்க பலிபீடம் கிடக்கிறது. எத்ருஸ்கர் என்போர் ரோமர் ஆட்சிக்கு முன் இந்தப் பகுதியில் வாழ்ந்தவர்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டு. ஏறத்தாழ 5 மீட்டர் நீளம், 4 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலம். எத்ருஸ்கப் பலிபீடங்களில் இவ்வளவு முழுமையாகத் தன் இடத்திலேயே தப்பிப் பிழைத்தவை அரிது.

நின்று பார்க்க வேண்டியது திசையை. பலிபீடமும் கோயிலின் அரைவட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே அச்சில் நிற்கின்றன. எத்ருஸ்கக் கோயில் இருந்த இடத்தில் ஆதிக் கிறிஸ்தவக் கோயில், அதன்மேல் ரோமனெஸ்க் பியேவே என்று, சமயம் மாறியும் தொழும் இடம் மாறவில்லை. பக்கத்திலுள்ள மணிக்கூண்டையும் விடாதீர்கள்: அடிப்பகுதி உருளை வடிவம், மேற்பகுதி அறுகோணம்.

பலிபீடம் வெளியே இருப்பதால் கோயில் கதவு பூட்டியிருந்தாலும் வந்தது வீண் போகாது. இந்தப் பட்டியலில் இப்படி உறுதியாகச் சொல்லக்கூடிய இடம் இது ஒன்றுதான். ரயிலில் வருகிறவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது சொக்கானாவாக இருப்பதும் அதனால்தான்.

லா வெர்னா

1,128 மீட்டர் உயரத்தில், பென்னா மலையின் செங்குத்தான பாறை விளிம்பில் இருக்கிறது. 1213 மே 8 அன்று, கியூசி பிரபு ஒர்லாந்தோ இந்த மலையைப் பிரான்சிசுக்குக் கொடையாகக் கொடுத்தார். 1224 செப்டம்பரில் பிரான்சிஸ் ஐந்து காய வரம் (சிலுவையில் கிறிஸ்து பட்ட காயங்கள் தம் உடலில் தோன்றுவது) பெற்றது இங்கே. 2024இல் அதன் 800ஆம் ஆண்டை நினைவுகூர்ந்தார்கள். பக்தியோடு வருகிறவரிடம் இதற்கும் ரோமேனாவுக்கும் ஒப்பீடு பேசுவதே பொருந்தாது. ஆகவே இங்கே சொல்வது, போவதென்று முடிவு செய்தவர் நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதை.

மிகப் பழையது பெரிய பேராலயம் அல்ல, அதன் பக்கத்தில் உள்ள வானதூதர்களின் அன்னை சிற்றாலயம். பிரான்சிஸ் உயிரோடு இருந்தபோதே எழுந்தது. பேராலயத்தின் வேலை 1348இல் தொடங்கி, முடிய 1509 ஆயிற்று. ஐந்து காயச் சிற்றாலயம் 1263இல் கட்டப்பட்டது. இந்த மூன்றையும் கட்டிய கால வரிசையில், பேராலயத்தைக் கடைசியாக வைத்துப் பார்த்தால், ஒரு குகை வாழ்வு எப்படித் திருத்தலமாக வளர்ந்தது என்பது படிப்படியாக விளங்கும். பெரும்பாலோர் பேராலயத்தில் தொடங்கிவிடுகிறார்கள்.

கலை என்று பார்த்தால் இங்கே இருப்பது அந்திரேயா தெல்லா ரொப்பியாவின் மெருகிட்ட சுடுமண் பலகைகள். நீலப் பின்புலத்தில் வெள்ளை உருவங்கள்: மங்களவார்த்தை, குழந்தையை ஆராதித்தல், விண்ணேற்றம், ஐந்து காயச் சிற்றாலயத்தில் பெரிய சிலுவைக் காட்சி. ஏன் சுடுமண்? இந்த உயரத்தில் ஆண்டின் பெரும்பகுதி மூடுபனியும் ஈரமும். சுவரோவியத்தின் சுண்ணப்பூச்சு ஈரத்தில் உப்புப் பூத்து உதிரும். மரப்பலகை ஓவியம் ஊதி வெடிக்கும். வெள்ளீயம் கலந்து சுட்ட மெருகுக்குள் தண்ணீர் இறங்காது. ஐந்து நூற்றாண்டுக்குப் பிறகும் நேற்றுச் சூளையிலிருந்து எடுத்தது போல் மின்னுகின்றன. சிற்றாலயத்துக்குப் போகும் நீண்ட நடைகூடத்தின் சுவரோவியங்களோ ஈரத்தில் கெட்டு, திரும்பத் திரும்ப வரையப்பட்டவை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது மலைக்காற்று என்ன செய்யும் என்பது நேரில் தெரிகிறது.

அந்த நடைகூடத்தில் தினமும் பிற்பகல் 3 மணிக்குத் துறவியர் பவனியாகச் சிற்றாலயத்துக்குப் போவது நூற்றாண்டுகளாக நடந்துவரும் வழக்கம். யாரும் சேர்ந்து நடக்கலாம். நாளை இதைச் சுற்றித்தான் அமைக்க வேண்டும்: 12 மணிக்குள் மேலே வந்து, கோயில்களைப் பார்த்து, பாறைப் பிளவுக்குள் இறங்கி, 3 மணிக்கு நடைகூடத்தில் நில்லுங்கள். குறைந்தது மூன்றரை மணி நேரம். செப்டம்பர் 17ஐ ஒட்டிய நாள்களிலும் ஆகஸ்டிலும் கூட்டம் நெருக்கும். கார் நிறுத்தக் கட்டணம் உண்டு, கோயிலுக்குக் கட்டணம் இல்லை.

பெயர்க் குழப்பம் இங்கேயும் ஒன்று உண்டு, ரோமேனாவில் நடப்பதைவிட மோசமானது. லா வெர்னா இருக்கும் ஊர் கியூசி தெல்லா வெர்னா. பிளாரன்ஸ்–ரோம் ரயில் பாதையில் ‘கியூசி’ என்று ஒரு நிலையம் இருக்கிறது. அது சியேனா மாவட்டத்தின் வேறொரு கியூசி. அங்கே இறங்கிவிட்டால் அன்றைய நாள் போயிற்று. இறங்க வேண்டியது அரெத்சோவில். அங்கிருந்து பள்ளத்தாக்கு ரயிலில் பிப்பியெனா, பிறகு பஸ்.

கமால்தொலி

இது ஒன்றல்ல, இரண்டு இடம். மடம் சுமார் 800 மீட்டர் உயரத்தில். துறவிகளின் தனிக்குடில்கள் இருக்கும் ‘புனித ஏரெமோ’ அதற்கு மேலே 1,100 மீட்டரில். இடையே சுமார் 3 கிலோமீட்டர், ஏற்றம் 300 மீட்டர். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மற்றது இருப்பதே தெரியாமல் திரும்புகிறவர்கள் ஏராளம். பஸ் வந்து நிற்பது கீழே உள்ள மடத்தில்.

11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித ரோமுவால்து ஐந்து குடில்களோடும் ஒரு சிறு செபக்கூடத்தோடும் தொடங்கியது ஏரெமோ. இப்போது குடில்கள் இருபது. கோயில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் புதுப்பிக்கப்பட்டு முழுக்க பரோக் ஆகிவிட்டது. ஆகவே இடைக்காலத்தைத் தேடுகிறவர் கோயிலில் நேரம் செலவிடுவதைவிட, பார்வைக்குத் திறந்திருக்கும் ரோமுவால்துவின் குடிலில் நிற்பது நல்லது. அதன் அமைப்பு நத்தை ஓடு போன்றது. வெளியிலிருந்து நேராக அறைக்குள் போக முடியாது. ஒரு நடை சுற்றி வளைத்துக்கொண்டு போய் நடு அறையில் முடிகிறது. உள்ளே மரப்பலகை வேய்ந்த படுக்கை மாடம், படிக்கும் மேசை, செபமேடை. ஒட்டினாற்போல் விறகறை, முன்னால் மதில் சூழ்ந்த தோட்டம். பனிக்காலத்தில் சூடு தங்குவதற்கு அந்தச் சுற்று நடை ஒரு காற்றுத் தடுப்பு. தனிமை வாழ்வின் ஒழுங்கு என்ன என்பதை எந்தச் சிற்பமும் இந்தத் தரைப்படம் அளவுக்குச் சொல்லாது. மற்றக் குடில்களில் துறவிகள் வாழ்கிறார்கள். கம்பிக் கதவுக்கு இப்பால் நின்று பார்ப்பதோடு சரி.

கீழே மடத்தில் பார்க்க வேண்டியவை கோயிலில் உள்ள ஜோர்ஜோ வசாரியின் ஓவியங்களும், 1543 முதல் வரும் பழைய மருந்தகமும். ஓவியங்கள் அவர் இளைஞராக இருந்தபோது, 1537 முதல் சில ஆண்டுகள் இங்கே வந்து வரைந்தவை. நல்லவைதான், ஆனால் இடைக்காலம் அல்ல.

கமால்தொலியின் உண்மையான நினைவுச்சின்னம் காடு என்பதே எங்கள் உறுதியான கருத்து. வெள்ளை ஃபிர் மரங்களை நட்டு, வெட்டி, மீண்டும் நட்டு, நூற்றாண்டுக் கணக்கில் துறவிகள் பேணிய காடு இது; 1993 முதல் தேசியப் பூங்காவின் பகுதி. மடத்துக்கும் ஏரெமோவுக்கும் இடையிலான அந்த 3 கிலோமீட்டரைக் காரில் கடக்காமல் நடந்து ஏறினால்தான் இந்த இடம் புரியும். ஏற ஒரு மணி நேரம், இறங்க முக்கால் மணி. அவசரமாக ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டுப் போக வேண்டிய நிலை என்றால், கமால்தொலியை விட்டுவிடுங்கள் என்றே சொல்வோம். மடத்திலும் லா வெர்னாவிலும் விருந்தினர் இல்லம் உண்டு. முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். உணவு நேரம் கறாரானது, தாமதமாக வருகிறவருக்குத் தனியாகச் சமைக்க மாட்டார்கள்.

பிராத்தோமாஞ்ஞோவுக்கு அப்பால்: குரோபினா

காசென்தீனோவுக்குள் இல்லாத ஓர் இடத்தையும் ஒப்பீட்டில் சேர்க்கிறோம். பிளாரன்ஸுக்கும் ரோமுக்கும் இடையே ஏ1 நெடுஞ்சாலையில் காரில் போகிறவருக்கு அதுவே சரியான தேர்வாக இருக்கலாம். லோரோ சியுஃபென்னா ஊருக்குப் பக்கத்தில் குரோபினாவின் புனித பேதுரு பியேவே. வல்தார்னோ வெளிவாயிலில் இறங்கினால் பள்ளத்தாக்குக்குள் நுழையாமலே எட்டிவிடலாம்.

இங்கே பார்க்க வேண்டியது பிரசங்க மேடை. அதைத் தாங்கும் இரட்டைத் தூண்கள் கயிற்றை முடிச்சுப் போட்டதுபோல் நடுவில் பிணைந்திருக்கின்றன, கல்லில். மேலே கைகளை உயர்த்திய மனிதர் வரிசை. அதன் காலத்தைப் பற்றி அறிஞர்களிடையே ஒற்றுமை இல்லை: அதற்குச் சில நூற்றாண்டுகள் முன்னால் இத்தாலியை ஆண்ட லொம்பார்தியர் காலத்தது என்பார் ஒரு சாரார், 12ஆம் நூற்றாண்டு என்பார் மறுசாரார். குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் பெண்பன்றி செதுக்கிய தூண் தலைப்பையும் தேடிப் பாருங்கள். சிற்பத்தின் வேகம் மட்டுமே அளவுகோல் என்றால் குரோபினா ரோமேனாவை முந்தும். கட்டடம், இருக்கும் இடம், கல்வெட்டு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ரோமேனா. இரண்டையும் ஒரே நாளில் கோக்க வேண்டாம். நடுவில் பிராத்தோமாஞ்ஞோ மலை முழுவதும் குறுக்கே கிடக்கிறது.

மணற்கல்லைப் படிப்பது

எந்தக் கோயிலைத் தேர்ந்தாலும் கல் ஒன்றுதான்: பக்கத்து மலையின் மணற்கல். வெட்டுவதற்கு எளிது, ஒரே துண்டில் தூண் எடுக்கலாம். ஆனால் இது படிவுப்பாறை, புத்தகத்தின் தாள்களைப் போல அடுக்கடுக்காக அமைந்தது. சுவரில் வைக்கும்போது அடுக்குகள் தரைக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும். நிமிர்த்தி வைத்துவிட்டால் மழைநீர் அடுக்குகளுக்கிடையே இறங்கி, குளிரில் உறைந்து விரிந்து, முகத்தைத் தாள் தாளாக உரித்துவிடும். வெளிச்சுவரில் பக்கத்துக் கல் நன்றாக இருக்க ஒன்று மட்டும் செதில் செதிலாகப் போயிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். தரையிலிருந்து ஓராள் உயரத்துக்குள் வெள்ளைப் பூப்பு தெரிந்தால், அடியிலிருந்து ஏறும் ஈரம் கொண்டுவந்த உப்பு. சுண்ணச்சாந்து இருந்த இடத்தில் சிமென்ட் வைத்துப் பூசிய பழுதுகளில் இது மோசமாகும்: ஈரம் இணைப்பு வழியாக வெளியேற முடியாமல் கல் வழியாகவே வெளியேறி, கல்லை அரிக்கும்.

பழைய கல்லையும் சீரமைப்பில் வைத்த கல்லையும் பிரித்தறிய விளிம்பைப் பாருங்கள். கூர்மையான விளிம்பும் ஒரே சீரான நிறமும் புதியது. மழுங்கிய விளிம்பும் பழுப்பு, சாம்பல் என மாறும் நிறமும் பழையது. சுவரில் ஒழுங்கான இடைவெளியில் தெரியும் சதுரக் குழிகள் சிதைவல்ல. கட்டும்போது சாரம் செருகிய துளைகள்.

எப்படிக் கோப்பது

ரயிலில், ஒரு நாள்: அரெத்சோவிலிருந்து ஸ்தியா போகும் பள்ளத்தாக்கு ரயிலில் காலை முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடியுங்கள். ரோமேனாவுக்குக் காலை வெளிச்சம் வேண்டும் என்பதால் போகும்போது சொக்கானாவில் இறங்க வேண்டாம். நேராகப் பிராத்தோவெக்கியோ போய், சுமார் 3 கிலோமீட்டர் ஏற்றத்தில் நடந்து ரோமேனா. ஏற ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்குள் இறங்கி ஸ்தியா. மதிய உணவை அங்கே முடித்து, கோயில் மீண்டும் திறந்ததும் உள்ளே போய்விட்டு, திரும்பும் வண்டியில் ரஸ்ஸீனாவில் இறங்கி சொக்கானா. கதவு மூடியிருந்தாலும் பலிபீடம் இருக்கிறதே.

காரில், ஒரு நாள்: பிளாரன்ஸிலிருந்து 1,060 மீட்டர் உயரக் கொன்சூமா கணவாய் வழியாக முதலில் ரோமேனா. அங்கிருந்து பள்ளத்தாக்கு வழியே இறங்கி, பிப்பியெனாவில் திரும்பி லா வெர்னா. 3 மணிப் பவனி. இரண்டு மட்டும். கமால்தொலியை இடையில் நுழைத்தால் மூன்றுமே கெடும்.

இரண்டு நாள்: முதல் நாள் ரோமேனா, ஸ்தியா, மாலை கமால்தொலி மடத்தில் தங்கல். மறுநாள் காலை நடந்து ஏரெமோ, பிறகு காரில் பாதியா பிராத்தாலியா வழியாக லா வெர்னா. வழியில் பாதியா பிராத்தாலியாவின் மடாலயக் கோயிலுக்கு அடியில் உள்ள நிலவறைக் கோயிலுக்கு இருபது நிமிடம் கொடுங்கள். குட்டையான தூண்கள், தாழ்ந்த வளைவுகள், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை இவ்வளவு நெருக்கத்தில் தொட்டுப் பார்க்க வேறிடம் இந்தப் பக்கத்தில் இல்லை.

இந்தியாவிலிருந்து வந்து கார் வாடகைக்கு எடுப்பவர் உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் ஊரிலேயே வாங்கி வர வேண்டும். நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை மலைச்சாலைகளில் பனிக்கால டயர் அல்லது சங்கிலி கட்டாயம்; வாடகை வண்டியில் அது இருக்கிறதா என்று சாவி வாங்கும்போதே பாருங்கள். ஞாயிறு, விடுமுறை நாள்களில் பஸ் மிகக் குறைவு. சிறிய பியேவேக்கள் மதியம் 12 முதல் 3 வரை பூட்டியிருக்கும் என்றே கணக்கிடுங்கள். திருப்பலி நடக்கும்போது சுற்றிப் பார்க்கக் கூடாது. அமர்ந்து பங்கேற்கலாம், இல்லையென்றால் வெளியே காத்திருக்கலாம். பள்ளத்தாக்கைவிட லா வெர்னாவிலும் ஏரெமோவிலும் 4, 5 டிகிரி குளிர் கூடுதல். கல் கட்டடத்துக்குள் கோடையிலும் சில்லென்றிருக்கும். ஜூலையானாலும் பையில் ஒரு கம்பளி மேலாடை இருக்கட்டும்.